ஐந்தாவது மாடிக்கு ஒரு கண்ணாடி இழை

பதினான்கு கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் அய்கனிஷ் குடித்த தேநீரை ஊற்றி வைத்திருந்தால் ஒரு குளியல் தொட்டி நிறைந்திருக்கும். ஃபைபர் இணையக் கம்பெனிக்காரன் கேட்டதென்னவோ சின்ன விஷயம்தான். கட்டடத்தில் இருபது வீடு இருக்கிறதா, பதினான்கு வீட்டுக்காரர்கள் சம்மதம் என்று எழுதிக் கொடுங்கள், வந்து கம்பி இழுத்துத் தருகிறோம் என்றான். ஒரு சாயங்காலத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்துப் பேனாவும் கையுமாகக் கிளம்பினாள். காரா-பால்தா என்கிற இந்தக் கிர்கிஸ் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் அப்படி நினைத்தது அவள் தப்பு. நம் ஊரில் கதவைத் தட்டினால் உள்ளே போக வேண்டும், உள்ளே போனால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் ரொட்டியைப் பிய்த்து வாயில் போடாமல் எழுந்திருக்கக் கூடாது. ஒரு கையெழுத்துக்கு மூன்று கோப்பைத் தேநீர். கூடவே யார் மகளுக்கு நிச்சயம், யார் மருமகள் சொன்ன பேச்சு கேட்பதில்லை என்று ஒன்றரை மணி நேரம். ஆக மொத்தம் ஒன்பது நாள் ஆயிற்று.

அவளுக்கு அப்படி என்ன அவசரம் என்றால், காரணம் இருந்தது. அம்மா ரகியா பிறவியிலேயே காது கேளாதவள், பேச்சும் வராது. அய்கனிஷ் முதலில் கையால்தான் பேசப் பழகினாள், வாய்ப்பேச்சு பிறகுதான் வந்தது. அந்தக் கைப்பேச்சு முப்பத்தொரு வயதில் அவளுக்கு ஒரு வேலை தேடித் தந்திருந்தது. தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு நிலையம் இருக்கிறது. காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரியிலோ போலீஸ் ஸ்டேஷனிலோ மாட்டிக்கொண்டு முழித்தால் போனில் அந்த நிலையத்தைக் கூப்பிடுவார்கள். திரையில் ஒருத்தி தோன்றி அவர்கள் கையைப் படித்து டாக்டருக்கு வாயால் சொல்வாள், டாக்டர் சொல்வதைக் கையால் திருப்பிக் காட்டுவாள். வீட்டில் உட்கார்ந்தபடியே செய்யலாம். தேர்வுக்குப் போன பதினோரு பேரில் அய்கனிஷ்தான் முதல்.

ஆனால் வீட்டிலிருந்து வைத்த சோதனையில் மண்ணைக் கவ்வினாள். பழைய டெலிபோன் கம்பி வழியாக வந்த இணையம், நடு வாக்கியத்தில் அவள் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டது. ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. வாயால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றாலும் குரல் வரும். கையால் பேசுகிறவர்களுக்குப் படம் நின்றால் பேச்சே நின்றுவிடும். நிலையத்துக்காரி நல்லவள், உங்க கையில குறை இல்ல, கம்பியிலதான் குறை என்றாள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் கூப்பிடுவோம், அரை மணி நேரம் படம் நிற்காமல் ஓடினால் வேலை உங்களுக்கு, இல்லாவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்கு என்றும் சொல்லிவிட்டாள்.

வேலை கிடைக்காவிட்டால் மாஸ்கோதான். அம்மாவின் தங்கை ஜீபெக் சித்தி ஒன்பது வருஷமாக அங்கே ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறாள். எட்டுப் பேர் படுக்கும் அறையில் அய்கனிஷுக்கு ஒரு மேல்கட்டிலைப் பிடித்து வைத்திருந்தாள். புதன்கிழமை பஸ். அவள் போய்விட்டால் அம்மாவுக்கு யார்? அந்தக் கட்டடத்தில் அம்மாவின் கையைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அம்மாவுக்குக் கதவு தட்டுவது கேட்காது. மார் வலித்தால் டாக்டரிடம் எங்கே வலிக்கிறது என்று சொல்ல ஆள் கிடையாது. மாஸ்கோ விஷயத்தை அம்மாவிடம் அவள் இன்னும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் சொல்லிவிடலாம் என்று கையைத் தூக்குவாள், தூக்கிய கையால் காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டு போய்விடுவாள்.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஆட்கள் வந்தார்கள். மேஸ்திரி தாலய், நாற்பது வயது, பேச்சு குறைவு, வேலையில் கெட்டி. அவனோடு இரண்டு ஆட்கள். வந்ததும் அவன் சொன்ன முதல் விஷயம், சரியாக ஆறு மணிக்குக் கிளம்பிவிடுவோம் என்பது. நாளை முதல் மலைக்கு அந்தப்புறம் தலாஸ் பக்கம் வேலையாம். கணவாயில் பனி விழப்போகிறதாம், இன்று ராத்திரிக்குள் தாண்டாவிட்டால் மாட்டிக்கொள்வார்களாம். விட்டுப்போன வேலை என்று ஏதாவது இருந்தால் இனி வசந்தத்தில்தான் என்றான். அய்கனிஷ் மனசுக்குள் மணியை எண்ணிப் பார்த்தாள். அவன் பேசிக்கொண்டே ஏணியைச் சாத்தி வேலையை ஆரம்பித்துவிட்டதில் கொஞ்சம் தைரியம் வந்தது.

மதியத்துக்குள் தெருக் கம்பத்திலிருந்து கம்பியைக் கொண்டுவந்து நிலவறையில் பெட்டி மாட்டிவிட்டார்கள். இனி அங்கிருந்து மேலே ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. மின்சாரக் கம்பி ஏறுவதற்காகக் கட்டடத்தின் நடுவில் அடியிலிருந்து உச்சிவரைக்கும் ஒரு சந்து உண்டு, மாடிக்கு மாடி அதற்கு ஒரு தகரக் கதவும் உண்டு. அதைப் பார்க்கப் படியேறிய தாலய் இரண்டாவது மாடியில் நின்றான், மூன்றாவதில் நின்றான், நாலாவதில் இடுப்பில் கைவைத்து நின்றான். தகரக் கதவையே காணோம். நம் ஆட்கள் காலி இடத்தைக் கண்டால் சும்மா விடுவார்களா? இரண்டாவதிலிருந்து ஒவ்வொரு மாடியிலும் அந்தக் கதவுக்கு முன்னால் ஆளுயர அலமாரி ஒன்றைச் செய்து நிறுத்தி, சறுக்கு வண்டியிலிருந்து உருளைக்கிழங்கு வரைக்கும் திணித்து வைத்திருந்தார்கள். கோடையில் அளவெடுக்க வந்த ஆள் முதல் மாடியோடு திரும்பிப் போயிருக்கிறான். ஊரைக் குறை சொல்லி என்ன பிரயோசனம், ஐந்தாவது மாடியில் நின்ற அலமாரி அய்கனிஷ் வீட்டுடையது. அம்மாவின் தையல் துணிமூட்டைகள் அதில் அடைந்து கிடந்தன.

தாலய் கணக்குப் போட்டுப் பார்த்தான். அலமாரிகளை நகர்த்தி, கம்பி ஏற்றி, இழை ஒட்ட எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரம் வேண்டும் என்றான். அய்கனிஷ் இதோ என்று சட்டைக் கையை மடித்தாள். அப்போதுதான் இரண்டாவது மாடியிலிருந்து ஷர்ஷென் ஆகே வெளியே வந்தார்.

ஆகே என்றால் நம் ஊரில் பெரியவர். ஷர்ஷென் ஆகே பஸ் டிப்போவில் நேரக் காப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கட்டடத்துக்குத் தலைவர். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, நிலவறைச் சாவி அவரிடம் இருந்ததால் தலைவர் ஆனார். கல்யாணம், கருமாதி, லாரியில் மாவு மூட்டை வந்து இறங்கினது, எதற்கானாலும் மேஜையில் மூத்த இடம் அவருக்குத்தான். அன்றைக்கு அவர் வீட்டில் ஒரு ஆட்டை அறுத்திருந்தார்கள். வீட்டுக்கு நல்லது செய்ய வந்தவனை வெறும் வயிற்றோடு அனுப்புவது இந்த ஊரில் நடக்காது. அவரைக் குற்றம் சொல்லவும் அய்கனிஷுக்கு வாயில்லை. முந்தின நாள் அவரிடம் போய், வர்றவங்களை நல்லா கவனிங்க ஆகே, அப்பதான் வேலையும் நல்லா செய்வாங்க என்று சொல்லிவிட்டு வந்ததே அவள்தான். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள்.

"அலமாரி எங்க ஓடியா போயிடப் போகுது? முதல்ல தேநீர்" என்றார் ஷர்ஷென் ஆகே.

தாலய் நேரமாகிறது என்றான். ஆடு கொப்பரையில் இருக்கிறது என்றார் அவர். அதற்குமேல் எந்தக் கிர்கிஸ்காரன் என்ன பேச முடியும்? மூவரும் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்கள்.

மூன்று மேஜைகளை ஒட்டிப் போட்டிருந்தார்கள். அநேகமாகக் கட்டடம் முழுவதுமே அங்கே இருந்தது. கையெழுத்துப் போடாத ஆறு வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள், சாப்பாட்டுக்குக் கையெழுத்துக் கேட்பதில்லையே. நாலாவது மாடி நீனா ஃபியோதரோவ்னாவும் வந்து வாசல் பக்கம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கணக்கு வாத்தியாரம்மாவாக இருந்த ரஷ்யக்காரி. கம்பி வேண்டாம், துளை போட்டால் சுவர் விரியும் என்று ஒற்றைக்காலில் நின்றவள். நாலாவது மாடி அலமாரி அவளுடையது. நான்கு கதவு, சுவரோடு போல்ட் போட்டு முடுக்கியது.

பொரித்த மாவுருண்டையும் வெண்ணெயும் ஜாமும் வந்தன. தேநீர் வந்தது, மறுபடி வந்தது. ஷர்ஷென் ஆகே எழுந்து பேசினார். இந்தக் கட்டடத்துக்கு வெந்நீர் வந்த வருஷத்தில் ஆரம்பித்தார். அவர் முடித்ததும் மூன்றாவது மாடி யூசுப் பேசினார், அவருக்குப் பதில் சொல்ல ஷர்ஷென் ஆகே மறுபடி எழுந்தார். அய்கனிஷ் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாப் பேச்சையும் கையால் சொல்லிக்கொண்டிருந்தாள். கை ஓடியதே தவிர கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. ஒன்றரை ஆயிற்று. இரண்டு ஆயிற்று. தாலய் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான், பக்கத்திலிருந்த கிழவி அதை நிமிர்த்தி ஊற்றினாள். அவன் எழுந்திருக்க முடியாது. மேஜையில் மூத்தவர் கையேந்தி ஆசி சொல்லி, எல்லோரும் முகத்தைத் தடவிக்கொண்ட பிறகுதான் எவரும் எழலாம். அதற்கு முன்னால் எழுந்தால் அந்த வீட்டைக் காறித் துப்பியதற்குச் சமம். மூத்தவரோ கறி வராமல் ஆசி சொல்ல மாட்டார். கறி வேக இன்னும் ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அதை எடுத்து, வயசு வாரியாக எலும்பு பிரித்து, தின்று முடிப்பதற்குள் இருட்டிவிடும்.

அய்கனிஷ் நைசாக ஷர்ஷென் ஆகேயின் காதோரம் போய்ச் சொல்லிப் பார்த்தாள். அவர் அவள் தோளைத் தட்டி, மாஸ்கோ மாதிரி அவசரப்படாதேம்மா என்று சிரித்தார். மாஸ்கோ என்ற பெயரைக் கேட்டதும் அவள் விலகிக்கொண்டாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள், கை மடியிலேயே கிடந்தது.

பேச்சு நின்றுபோனதைக் கண்டு அம்மா முழங்கையால் இடித்தாள். என்ன ஆச்சு, அந்த ஆள் ஏன் கடிகாரத்தையே பார்க்கிறான் என்று கையால் கேட்டாள். அய்கனிஷ் சொன்னாள். ஆறு மணிக்குக் கிளம்புகிறார்கள், வேலை மூன்று மணி நேரம், ஆசி சொல்லாமல் யாரும் எழ முடியாது, ஆகே சொல்ல மாட்டார் என்றாள்.

அம்மா மேஜையை ஒரு சுற்றுப் பார்த்தாள். பிறகு கேட்டாள், இங்கே யார் மூத்தது?

ஷர்ஷென் ஆகே என்றாள் அய்கனிஷ். எழுபது.

எனக்கு எழுபத்தொன்று என்றாள் அம்மா.

அய்கனிஷ் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வருஷமாக அந்தக் கட்டடத்தில் இருக்கிறார்கள். எத்தனையோ மேஜையில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவளைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றியதில்லை. பேச்சு வராதவள் எப்படி ஆசி சொல்வாள் என்றுகூட யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். பெற்ற மகளே யோசித்ததில்லை. அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது, உறைத்ததும் காது மடல் சுட்டது.

அம்மா எழுந்தாள். இரண்டு கைகளையும் சேர்த்து, உள்ளங்கை மேலே தெரிய நீட்டினாள்.

நம் ஆட்கள் என்ன வேலையில் இருந்தாலும், ஒரு மூத்த கை அப்படி நீண்டால் தன் கையும் தானாக நீண்டுவிடும். அது அறிவு செய்கிற காரியம் இல்லை, உடம்பு செய்கிறது. யூசுப் கை நீண்டது, தாலய் கை நீண்டது, கதவோரம் குழந்தைக்கு ஊட்டிக்கொண்டிருந்தவள் கரண்டியோடு கையேந்தினாள். நடுப்பேச்சில் இருந்த ஷர்ஷென் ஆகேயின் கையும் நீண்டுவிட்டது, வாய்தான் திறந்தபடி இருந்தது. நீனா ஃபியோதரோவ்னாவும் முப்பது வருஷப் பழக்கத்தில் ஏந்தினாள்.

"ரகியா, கறி இன்னும் வரலையே" என்றார் ஷர்ஷென் ஆகே.

அய்கனிஷ் அதை அம்மாவுக்குக் காட்டினாள். அம்மா ஒரு கையைப் பிரித்துப் பதில் சொன்னாள், அய்கனிஷ் அதை வாயால் சொன்னாள்.

"இது தேநீர் மேஜை, இதுக்கு இந்த ஆசி. கறி மேஜையை அப்புறம் விரிங்க, அதுக்கு நீங்க சொல்லுங்க. உங்களைவிட நான் ஒரு வயசு பெரியவ, ஷர்ஷென்."

யாரோ களுக்கென்று சிரித்து அடக்கிக்கொண்டார்கள். ஷர்ஷென் ஆகே மறுப்புச் சொல்ல வாயெடுத்தார். ஆனால் வழக்கத்தைப் பேசியே காலம் தள்ளியவர், வழக்கத்தை மீறி என்ன பேசுவார்? தலையைக் குனிந்து கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக்கொண்டார்.

அம்மா கைகளைப் பிரித்துப் பேசத் தொடங்கினாள். அந்த அறையில் அதுவரைக்கும் யாரும் அவள் கையை இப்படிப் பார்த்ததில்லை. கடையில் விரல் விட்டுக் காட்டுகிற கை இல்லை அது. நிதானமாக, அகலமாக, நடு மேஜை வரைக்கும் எட்டுகிற கை. அய்கனிஷ் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இந்த மேஜை என்னிக்கும் நிறைஞ்சிருக்கட்டும். வந்த பிள்ளைங்க கை நோகாம வேலை முடியட்டும். வெளிச்சம் போறதுக்குள்ள அந்தக் கம்பி அஞ்சாவது மாடிக்கு ஏறட்டும். வழியில நிக்குற அலமாரி எல்லாம், அதை அங்க வச்சவங்க கையாலேயே நகரட்டும்."

மேஜையைச் சுற்றிச் சலசலப்பு. நீனா ஃபியோதரோவ்னா கையை இறக்கப் பார்த்தாள், பக்கத்தில் இருந்தவள் முறைத்ததில் மறுபடி தூக்கினாள். அம்மாவின் கை இன்னும் முடிக்கவில்லை. மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி வரியைச் சொன்னாள். மாஸ்கோ விஷயம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. சித்தி போன் திரையில் பேசும்போதெல்லாம் அம்மா பின்னால் நின்று உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள். தங்கையின் உதட்டை அக்காவுக்குப் படிக்கத் தெரியாதா? இத்தனை நாளும் மகள் தானாகச் சொல்லட்டும் என்று காத்திருந்திருக்கிறாள்.

எல்லோரும் ஏந்திய கையோடு காத்திருந்தார்கள். இந்தத் தொழிலில் ஒரு சொல்லையும் விழுங்கக் கூடாது என்று தேர்வில் எழுதிக் கொடுத்தவள் அவள். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னாள்.

"இந்த வீட்டுப் பொண்ணு வயித்துப் பொழைப்புக்காக வேத்து ஊருக்குப் போகாம இருக்கட்டும்."

அம்மா இரண்டு கையாலும் முகத்தைத் தடவினாள். ஆமின் என்று அறையே சொல்லிற்று. அந்தக் கடைசி வரியைக் கேட்டுப் பாதிப் பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். அந்த மேஜையில் ஒரு பிள்ளையாவது ரஷ்யாவில் இல்லாத வீடு இரண்டோ மூன்றோதான். முதலில் எழுந்தவர் ஷர்ஷென் ஆகேதான். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"ஆசி விழுந்தாச்சு, இன்னும் என்ன உக்காந்திருக்கீங்க? அசார்" என்றார்.

அசார் என்றால் அவ்வளவுதான். கூலி இல்லை, கேள்வி இல்லை, ஊரே சேர்ந்து ஒரு வேலையைத் தூக்கிப்போடுவது. மணி இரண்டே முக்கால். இருபது வீட்டு ஆட்களும் படியில் இறங்கினார்கள், ஏறினார்கள். இரண்டாவது மாடியில் ஷர்ஷென் ஆகேயின் அலமாரிதான் முதலில் நகர்ந்தது, உள்ளே டிப்போவிலிருந்து அவர் கொண்டுவந்த பழைய பஸ் பெயர்ப்பலகைகள். அவர் அதன்மேல் சட்டென்று ஒரு கோணியைப் போட்டு மூடினார். மூன்றாவது மாடியில் யூசுப் வீட்டுக் காய்ந்த மிளகாய் மூட்டை ஒன்று தூக்கும்போது கிழிந்துவிட்டது. கொஞ்ச நேரம் கட்டடமே தும்மியது. தும்மிக்கொண்டே தூக்கினார்கள், தும்மிக்கொண்டே ஒருவரை ஒருவர் திட்டினார்கள்.

நாலாவது மாடியில் எல்லாம் நின்றது. நீனா ஃபியோதரோவ்னா தன் அலமாரிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். உள்ளே நூற்றுப்பன்னிரண்டு ஜாடி. செர்ரி ஜாம், உப்பு வெள்ளரி, தக்காளி. அவள் கணவர் உயிரோடு இருந்தபோது முடுக்கிய போல்ட். அய்கனிஷ் படியில் நின்று யோசித்தாள். கெஞ்சினால் கௌரவம் போகும், அதட்டினால் காரியம் போகும். நீனா ஃபியோதரோவ்னா அவளைப் பார்க்கவே இல்லை, அவள் பின்னால் துணிமூட்டையோடு இறங்கிக்கொண்டிருந்த ரகியாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எதுக்குன்னு கேட்டுட்டு ஆமின் சொல்லியிருக்கணும். முப்பது வருஷம் உங்களோட இருந்தும் இந்தப் புத்தி வரல எனக்கு" என்றாள். பிறகு பெருமூச்சு விட்டு, "சொன்னது சொன்னதுதான். ஜாடியைக் கழுத்தைப் பிடிச்சுத் தூக்காதீங்க, அடியில கை குடுத்துத் தூக்குங்க. நான் எண்ணிக்கிட்டே இருப்பேன்."

படியில் வரிசை கட்டி நின்றார்கள். நாலாவது மாடியிலிருந்து இரண்டாவது மாடி வரைக்கும் ஜாடி கைமாறி இறங்கிற்று. வாத்தியாரம்மா மேலே நின்று நோட்டில் எண் போட்டாள், எழுபத்தெட்டு, எழுபத்தொன்பது. எண்பதாவது ஜாடியை ஷர்ஷென் ஆகே நழுவவிட்டார். செர்ரிச் சாறு மூன்று படி வழிந்தது. எல்லோரும் மூச்சுவிடாமல் மேலே பார்த்தார்கள்.

"அந்தப் படிக்கு எறும்பு வந்தா நீங்கதான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு அவள் எண்பத்தொன்று என்று எழுதினாள்.

தாலய் மின்திருகியால் போல்ட்டைக் கழற்றினான். நான்கு கதவு அலமாரியை ஆறு பேர் கட்டி நகர்த்தினார்கள், பின்னால் துருப்பிடித்த தகரக் கதவு தெரிந்தது. அதைப் பார்த்து ஒரு கிழவர் கைதட்டினார், பிறகு எல்லோருமே தட்டினார்கள். தகரக் கதவுக்கு இப்படி ஒரு மரியாதை எந்த ஊரிலும் நடந்திருக்காது.

அதற்குப் பிறகு தாலயின் வேலை. நிலவறையிலிருந்து அவன் ஆள் கம்பியைத் தள்ள, மாடிக்கு மாடி ஒருவர் நின்று சந்துக்குள் கைவிட்டு மேலே கடத்தினார்கள். வந்துடுச்சு, வந்துடுச்சு என்று ஒவ்வொரு மாடியிலிருந்தும் குரல் ஏறிவந்தது. நாலே முக்காலுக்கு ஐந்தாவது மாடியில் அம்மாவின் கையில் கம்பி நுனி வந்து சேர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டு அவள் சிரித்தாள். சத்தமில்லாத வாய்க்குள்ளிருந்து அடைத்த குரலில் ஏதோ ஒலி வந்தது. வெளியாட்கள் இருக்கும்போது அம்மா எப்போதும் அடக்கிக்கொள்ளும் ஒலி அது. அன்றைக்கு அவள் அடக்கவில்லை.

இழை ஒட்டுவது நிதானமான வேலை. தலைமுடியளவே தடிமன் உள்ள கண்ணாடி இழை அது. தாலய் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தான், வெண்ணெய் தின்ற கை ஆயிற்றே. சாப்பாட்டுத் தூக்கு அளவில் இருந்த ஒரு மெஷினுக்குள் இரண்டு நுனியை வைத்து மூடினான். பொறி ஒன்று மின்னியது, இரண்டும் ஒன்றாகிவிட்டது. கீழிருந்து ஒவ்வொரு மாடியாக ஒட்டிக்கொண்டு வந்தான். ஐந்தரை ஆயிற்று. ஐந்தே முக்கால் ஆயிற்று. வெளியே வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. கடைசியாக அய்கனிஷ் வீடு. கூடத்து மூலையில் வெள்ளைப் பெட்டியை மாட்டிச் செருகினான். சிவப்பு விளக்கு எரிந்தது. அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் அப்படியே சிவப்பு. பிறகு பச்சை.

"போய் நிம்மதியா தூங்கு தங்கச்சி. உன் படம் நின்னுச்சுன்னா என் பேரை மாத்திக்கறேன்" என்றான் தாலய். அன்று முழுக்க அவன் பேசியதில் நீளமான பேச்சு அதுதான்.

ஆறு மணிக்கு வண்டி கிளம்பியபோது ஷர்ஷென் ஆகே வெந்த கறியை மூன்று பொட்டலமாகக் கட்டிக்கொண்டு ஓடிவந்து ஜன்னல் வழியாகத் திணித்தார். கணவாயில் நிறுத்திச் சாப்பிடுங்கள், ஆறவிடாதீர்கள் என்றார். கட்டடமே வாசலில் நின்று கையாட்டியது. பிறகு எல்லோரும் மேலே போய்க் கறி மேஜையில் உட்கார்ந்தார்கள். ஷர்ஷென் ஆகே முதல் எலும்பை, மூத்தவர்களுக்கு உரிய இடுப்பெலும்பை, எடுத்துத் தட்டில் வைத்து இரண்டு கையாலும் ரகியாவிடம் நீட்டினார். ஒன்றும் பேசவில்லை. பேசாமல் ஒரு காரியம் அவர் செய்தது அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை பத்து மணிக்கு நிலையத்திலிருந்து கூப்பிட்டார்கள். நிலையத்துக்காரியும், நரைமீசை வைத்த காது கேளாத ஒருவரும் திரையில் இருந்தார்கள். மீசைக்காரர் சந்தையில் வாங்கிய மாடு பாதி வழியில் கயிற்றை அறுத்துக்கொண்டு விற்றவன் வீட்டுக்கே திரும்பி ஓடிய கதையைச் சொன்னார். வேண்டுமென்றே வேகமாக, விரல் விரலாகச் சொன்னார். அய்கனிஷ் ஒரு சொல் விடாமல் வாயால் சொன்னாள், நிலையத்துக்காரி கேட்ட கேள்வியைக் கையால் திருப்பினாள். இருபது நிமிஷம் போனதும் கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோனாள். மாடு விஷயத்தில் நியாயம் யார் பக்கம் என்று மீசைக்காரரோடு கையாலேயே சண்டைக்குப் போய்விட்டாள். அரை மணி தாண்டிப் பத்து நிமிஷம் ஆகிவிட்டதை நிலையத்துக்காரிதான் சொன்னாள். நாளை காலை எட்டு மணிக்கு முதல் ஷிப்ட், தாமதிக்காமல் வந்துவிடுங்கள் என்றாள். எங்கே வருவது, உட்கார்ந்திருக்கிற நாற்காலிக்குத்தான். அய்கனிஷ் திரையை மூடிவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகை முடிவதற்குள் சிரிப்பும் வந்துவிட்டது.

அம்மா அவளை எழுப்பிவிட்டுத் தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். ஜீபெக்கைக் கூப்பிடு என்றாள். நான் சொல்கிறேன் என்று அய்கனிஷ் கை நீட்டினாள், அம்மா அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

சித்தி கிடங்கின் பின்வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கம்பளித் தொப்பி, கையில் பாதி ரொட்டி. ஒன்பது வருஷமாக அக்காவும் தங்கையும் துண்டு துண்டாக நின்றுபோகும் படத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சௌக்கியமா என்று கேட்பதற்குள் கை நின்றுவிடும், அப்புறம் அய்கனிஷ்தான் எடுத்துப் பேசுவாள். இப்போது அம்மாவின் முகம் முழுசாக, அசைந்தபடியே தெரிந்ததைப் பார்த்துச் சித்தி ரொட்டியைக் கீழே வைத்துவிட்டாள். பஸ் டிக்கெட் எடுத்தாச்சா என்றுதான் அவள் கை முதலில் கேட்டது.

அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. நல்ல சேதி கொண்டுவந்திருக்கிறேன், என்ன பரிசு தருவாய், முதலில் அதைச் சொல் என்றாள். அது நம் ஊர் முறை, நல்ல சேதி சும்மா கிடைக்காது. சித்தி சிரித்தாள். கேட்டது தருகிறேன், சொல் என்றாள்.

பொண்ணு வரலை, அவளுக்கு இங்கேயே வேலை கிடைத்துவிட்டது என்றாள் அம்மா. சித்தி தொப்பியைக் கழற்றி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மா நிறுத்தவில்லை. அவளுக்குப் பிடித்து வைத்தாயே ஒரு கட்டில், அதை விட்டுக்கொடுத்துவிடு. அதோடு உன் கட்டிலையும் விட்டுக்கொடு. நான் கேட்கிற பரிசு அதுதான்.

சித்தியின் கை எழவில்லை. அய்கனிஷ் திரையை நோக்கிக் குனிந்தாள், படம் நின்றுவிட்டதோ என்று ஒரு கணம் பயம். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சித்தியின் தோளுக்குப் பின்னால் பனி விழுந்துகொண்டிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தொப்பியைக் கக்கத்தில் இடுக்கி, இரண்டு கையையும் விடுவித்துக்கொண்டாள்.

வசந்தத்துக்கு வந்துவிடுகிறேன் அக்கா என்றாள்.